ஃபர்னஸ் ஈரப்பதமூட்டியில் பூஞ்சை: கழுவுவதா, மாற்றுவதா?

ஃபர்னஸ் என்னும் வீட்டுச் சூடேற்றியோடு இணைந்து காற்றில் ஈரம் சேர்க்கும் ஈரப்பதமூட்டியைச் சுற்றிக் கறை தென்பட்டால், முதலில் வினிகரைத் தடவிப் பாருங்கள். நுரைத்துக் கரையும் வெள்ளைப் படிவு பெரும்பாலும் சுண்ணாம்பு உப்பே. கருமையும் வழவழப்பும் முடைநாற்றமும் இருந்தால்தான் கழுவுவதா, மாற்றுவதா என்ற கேள்வியே எழுகிறது.

செலவு: நீர்த் தட்டைக் கழுவி, நீரில் நனையும் திண்டை மாற்றச் சிறு தொகை போதும்; கருவியையே மாற்றினால் ஆள்கூலியும் சேரும்.

நீடிப்பு: தண்ணீர் தேங்கும் உருளை வகையை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் வழவழப்பு திரும்பக்கூடும், நீர் வழிந்து வடிகாலுக்குப் போய்விடும் வகையில் அத்தொல்லை வெகுவாகக் குறைந்தாலும், தண்ணீர்ச் செலவு கூடும்.

எளிமை: மின்சாரத்தையும் நீரையும் நிறுத்திவிட்டு நீங்களே கழுவலாம்.

வடியும் வகை வைத்திருப்போருக்குக் கழுவலே போதும். உருளை வகையினர் மாற்றிவிடுவதே நலம் என்பேன். காற்றுக்குழாயின் உட்புறக் காப்புறையில் பூஞ்சை பிடித்திருந்தால், எந்த வகையாயினும், அந்தக் காப்புறையை அகற்றியே ஆக வேண்டும்.