உகாரித் எழுத்தும் பினீசிய எழுத்தும்

ஒரு மெய்யொலிக்கு ஒரு குறி என்பதே உகாரித், பினீசியம் என்ற இரண்டு பண்டைய எழுத்துகளுக்கும் அடிப்படை. வேறுபாடு எழுதுபொருளில் தொடங்குகிறது.

உகாரித்தில் (சிரியாவின் இன்றைய ராஸ் ஷம்ரா) ஈரக் களிமண்ணில் கோல்முனையை அழுத்தி ஆப்பு வடிவம் பதித்தார்கள். குறிகள் 30, இடமிருந்து வலம். சொற்களைச் சிறு நேர் ஆப்பு பிரிக்கும். அலெஃபுக்கு (தொண்டையை அடைத்து எழுப்பும் மெய்யொலி) மட்டும் அ, இ, உ என மூன்று குறிகள் உண்டு. அது வரும் இடத்தில் உயிரொலியும் தெரிந்துவிடும். 1929-இல் கிடைத்த பலகைகளை மறு ஆண்டே படித்துவிட்டார்கள்.

பினீசியத்தில் (இன்றைய லெபனான் கடற்கரையில் வாழ்ந்த மக்களின் எழுத்து) எழுத்துகள் 22, வலமிருந்து இடம். உயிர்க்குறி அறவே இல்லை. ம்-ல்-க் என்று இருந்தால் அது 'அரசன்' ஆகலாம், 'ஆட்சி செய்தான்' ஆகலாம். புதிதாகப் படிப்பவர் சறுக்குவது இங்கேதான். பினீசிய நகரான பிப்லோஸின் அரசன் அகிராமின் கல் சவப்பெட்டியில் (சுமார் கி.மு. 1000) சொற்களுக்கிடையே சிறு நிலைக்கோடுகளாவது உண்டு. பிற்காலக் கல்வெட்டுகள் பலவற்றில் அதுவும் போய், எழுத்துகள் ஒரே சரமாக ஓடும். எங்கே வெட்டுவது என்பதிலேயே பொருள் மாறிவிடும்.

வரிசையில் இரண்டும் உறவு. விரலளவு உகாரித் பலகை ஒன்று அதன் நெடுங்கணக்கை முழுதாகத் தருகிறது; இடையிலும் இறுதியிலும் சில குறிகளை எடுத்துவிட்டால் பினீசிய வரிசை வந்துவிடும். பினீசிய வடிவங்களுக்கோ வேறு மூலம்: மாட்டுத்தலை அலெஃப், நீரலை மேம் (ம்) எல்லாம் சினாய்ப் படவெழுத்தின் வழி வந்தவை.

களிமண் நிலைத்தது, ஆனால் கி.மு. 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உகாரித் அழிந்ததும் அந்த எழுத்தும் வழக்கொழிந்தது. பினீசியரின் பாப்பிரஸ் சுருள்கள் பெரும்பாலும் மக்கிப்போயின. எழுத்து மட்டும் கிரேக்கர் கைக்குப் போய், அலெஃப், ஹே, அயின் என்ற மெய்யெழுத்துகள் மூன்றும் அங்கே உயிரெழுத்துகளாயின. பழைய செமித்திய (எபிரேயம், அரபு முதலியவை சேர்ந்த மொழிக்குடும்பம்) ஒலிகளை ஆராய உகாரித்தே மேல். பினீசியத்தில் அவற்றுள் சில ஒன்றோடொன்று கலந்துவிட்டன.