கொள்கை வீட்டுப் பிள்ளைகள்: மூன்று வளர்ப்பு முறைகள்

பெரியார் படம் மாட்டிய வீடு, செங்கொடி வீடு, ஆர்.எஸ்.எஸ். ஷாகாவுக்குப் போகிறவர் வீடு என்று எதுவானாலும், பிள்ளைக்கு விவரம் தெரியத் தொடங்கும்போது பெற்றோருக்கு வருகிற குழப்பம் ஒன்றுதான். நம் கொள்கையை இதற்கு எவ்வளவு, எப்படிக் கொடுப்பது? வழக்கத்தில் மூன்று வழிகள் உண்டு.

வாயே திறக்காமல் விடுவது

"பதினெட்டு வயசானதும் அவளே முடிவு பண்ணட்டும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வீடு பேசாமல் விட்ட இடத்தைத் தெருவும் வாட்ஸப்பும் கடைசி பெஞ்சும் பிடித்துக்கொள்ளும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவர் படித்த பள்ளியின் மாணவர்களே. அதையொட்டி அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் சாதியைக் காட்ட மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை கேட்டது. அந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று வீட்டில் யாரும் சொல்லித்தராத பிள்ளைக்கு, கயிற்றைக் கட்டிவிடுகிறவன்தான் வாத்தியார்.

கொள்கைக்குள்ளேயே வளர்ப்பது

மாநாடு, பயிற்சி முகாம், பாசறை, கேரளத்தில் இடதுசாரிகளின் பாலசங்கம் போன்ற சிறுவர் அமைப்புகள். மேடை பயம் போகும், வெளியூரிலும் நண்பர்கள் கிடைப்பார்கள், கூட்டாக வேலை செய்யப் பழகுவார்கள். இதையெல்லாம் குறைத்து மதிப்பிட வேண்டாம். சிக்கல், பிள்ளை முழக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு காரணத்தை விட்டுவிடுவதில்தான். சோதிப்பது எளிது: எதிர்த்தரப்பின் வலுவான வாதம் எது என்று கேளுங்கள். "அவங்க எல்லாம் முட்டாளுங்க" என்பதே பதிலாக வந்தால் திணிப்பு நடந்திருக்கிறது.

இந்த முறை நீடிப்பதும் இல்லை. எலியாஸ் டினாஸ் என்ற அரசியல் ஆய்வாளர் அமெரிக்க, பிரிட்டன் தரவுகளை வைத்துக் காட்டியது இது: அரசியல் மிகுதியாகப் பேசும் வீட்டுப் பிள்ளைகள் சிறு வயதில் பெற்றோரின் கட்சியை எளிதாக ஏற்கிறார்கள். ஆனால் வளர்ந்து வெளியுலகம் பார்த்தபின் அதைக் கைவிடும் வாய்ப்பும் அவர்களிடம்தான் அதிகம்.

சட்டப் பக்கமும் ஒன்று உண்டு. குழந்தைகளை முழக்கமிட, துண்டறிக்கை கொடுக்க, ஊர்வலத்தில் நடக்க வைக்கக் கூடாது என்று தேர்தல் ஆணையம் 2024 பிப்ரவரியில் கட்சிகளுக்குக் கண்டிப்பாகச் சொன்னது. பிரசார வேலை எதிலும் சேராமல், தலைவர் அருகே பெற்றோருடன் நிற்பது மட்டும் மீறலாகாது.

சார்பைச் சொல்லி, மறுக்க இடம் விடுவது

எங்கள் ஓட்டு இதற்கே. ஆனால் மூன்றில் அதிக உழைப்பு கேட்பதும் இதுதான்.

ஏழு வயது வரை கட்சிப் பெயரே வேண்டாம், நடத்தை போதும். வீட்டு வேலைக்கு வருகிறவருக்கும் அதே டம்ளர், அதே நாற்காலி. பையனும் தட்டு கழுவுவான்.

எட்டு வயதிலிருந்து பேச்சில் ஒரு சின்ன மாற்றம். "சாமி இல்லை" என்பதற்குப் பதில், "இல்லைன்னு நான் நினைக்கிறேன், காரணம் இது. பாட்டி இருக்குன்னு நினைக்கிறாங்க, ஏன்னு அவங்ககிட்டயே கேளு." பாட்டி சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசக் கூடாது; பெரும்பாலான அப்பாக்கள் தோற்பது இங்கேதான்.

பன்னிரண்டுக்கு மேல் வாரத்தில் கால் மணி நேரம், ஒரே செய்தியை எதிரெதிர் சார்புள்ள இரண்டு நாளிதழ்களில் படியுங்கள். உங்களுக்குப் பிடிக்காத தரப்புக்காக நீங்களே வாதாடுங்கள். ஜெர்மனியில் 1976இல் பாய்டெல்ஸ்பாக் என்ற ஊரில் கூடிய கல்வியாளர்கள் வகுத்த நெறியும் இதற்கு நெருக்கம்தான்: மாணவரைத் திணறடித்து இணங்க வைக்காதே, சமூகத்தில் சர்ச்சையாக இருப்பதை வகுப்பிலும் சர்ச்சையாகவே காட்டு. பள்ளிக்கு எழுதிய விதி, வீட்டுக்கும் பொருந்தும்.

எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கம் தேடவும் கூடாது. தீண்டாமையை அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு ஒழித்தாயிற்று, அது பட்டிமன்றத் தலைப்பு ஆகாது. கூடங்குளம், மதுவிலக்கு, மொழிக்கொள்கை தாராளமாக ஆகலாம்.

அடிக்கடி நடக்கும் பிசகு, கேள்வி வேடத்தில் வரும் திணிப்பு. "பாலைக் கொண்டுபோய் கல்லு மேல ஊத்தறாங்களே, வீண்தானே?" என்பதில் பதில் உள்ளேயே இருக்கிறது. இன்னொன்று கேலி. நாத்திக வீட்டுப் பெண் ஒருநாள் திருநீறு பூசி வந்தாலும், பக்தி வீட்டுப் பையன் கோயிலுக்கு வர மறுத்தாலும், விருந்தாளி முன்னால் அதைச் சொல்லிச் சிரித்தால் அடுத்த முறை ஒளித்துச் செய்வார்கள்.

காகிதத்தில் எழுதுவது

மூன்று முறைகளும் கடைசியில் உரசிப் பார்க்கப்படுவது பள்ளி விண்ணப்பத்தில்தான். டிசியில், அதாவது பள்ளி மாற்றுச் சான்றிதழில், சாதி, மதப் பகுதியை வெற்றாக விடவோ, "இல்லை" என்று எழுதவோ தமிழ்நாட்டில் 1973 அரசாணை முதலே வழி உண்டு. வருவாய்த் துறை தரும் சாதிச் சான்றிதழ் வேறு. 69 சதவீத இட ஒதுக்கீட்டுக்கு அதுதான் சாவி. "சாதி, மதம் அற்றவர்" சான்றிதழ் மூன்றாவது வகை. 2019இல் அதைப் பெற்றுச் செய்தியான திருப்பத்தூர் வழக்கறிஞர், வளர்ந்து தாமாக முடிவெடுத்து வாங்கினார். இந்த மூன்றையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, குழந்தையின் பெயரில் ஒதுக்கீட்டையும் சேர்த்துத் துறக்கும் பெற்றோர் உண்டு. டிசியை வெற்றாக விடலாம், பின்னால் அதனால் பெரிய இழப்பில்லை. சாதிச் சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிப் பத்திரமாக வையுங்கள். அதைப் பயன்படுத்துவதா, துறப்பதா என்ற விண்ணப்பத்தில் பதினெட்டு வயதுக்குப் பின் பிள்ளையே கையெழுத்துப் போடட்டும்.