நெஞ்சழுத்தக் கருவிகள்: எது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

இதயம் நின்றவரின் மார்பை அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தொடர வைக்கும் முதலுதவிதான் சிபிஆர். அதன் கணக்கு கேட்க எளிதுதான். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தங்கள். ஆழம் 5 செ.மீ.க்குக் குறையக் கூடாது, 6 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு முறையும் மார்பு முழுதாக மேலெழும்ப வேண்டும். ஆனால் அழுத்திக்கொண்டிருப்பவருக்கு இதில் எது பிசகுகிறது என்று தெரிவதில்லை. அதைச் சொல்லத்தான் கருவிகள். எல்லாம் ஒரே விஷயத்தைச் சொல்வதில்லை என்பதுதான் சிக்கல்.

சீரான தாளத்தில் ஒலி எழுப்பும் மெட்ரோனோம் வேகத்தை மட்டும் பார்க்கும். கைபேசியிலேயே கிடைக்கிறது, மலிவு. ஆனால் கை சோர்ந்து ஆழம் குறைந்த பிறகும் தாளம் தப்பாமல் அழுத்த முடியும். அப்போது எல்லாம் சரியாக நடப்பதாகத் தோன்றும்.

முடுக்கமானி (அசைவை உணரும் சென்சார்) உள்ள கருவி மார்புக்கும் கைக்கும் நடுவே இருக்கும். சில டீஃபிபிரிலேட்டர்களின் (இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவிகளின்) ஒட்டுப்பட்டையிலேயே இருக்கும். வேகம், ஆழம், மார்பு மேலெழும்புவது எல்லாவற்றையும் திரையில் காட்டும். நிறையத் தெரியும், ஆனால் அப்படியே நம்பக் கூடாது. அது அளப்பது தன் அசைவை. நோயாளி மெத்தையில் இருந்தால் மெத்தை அமுங்குவதையும் சேர்த்துத்தான் கணக்கிடும். திரை 5 செ.மீ. காட்டும், மார்பு அவ்வளவு இறங்கியிருக்காது. முதுகுக்கடியில் பலகை வைத்தால் பிழை குறையும், முழுதாகப் போகாது. முதுகுக்கடியில் ஒரு தகடு, மார்பில் ஒன்று என்று காந்தப்புலத்தால் இடைவெளியை அளக்கும் வகைக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் தகட்டை நுழைக்க ஆளைப் புரட்ட வேண்டும். அந்த நேரத்தில் அழுத்தம் நின்றுபோகும்.

மூன்றாவது, விசையை அளப்பது. கார்டியோ ஃபர்ஸ்ட் ஏஞ்சல் என்ற கைக்கருவி சுமார் 400 நியூட்டன் விசை வந்ததும் 'டிக்' என்கிறது. மின்கலமே வேண்டாம். ஆனால் ஒல்லியான முதியவரின் மார்பும் பருத்தவரின் மார்பும் ஒரே விசைக்கு ஒரே அளவு இறங்குமா என்ன?

அப்படியிருந்தும் ஆய்வில் பளிச்சென்று தெரிந்தது இந்த எளிய கருவிதான். 2019-இல் வெளியான ஈரான் ஆய்வில், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இதைப் பயன்படுத்தியபோது பிழைத்து வீடு திரும்பியவர்கள் 54 சதவீதம். பயன்படுத்தாத குழுவில் 28 சதவீதம். 2011-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆம்புலன்ஸ் ஊழியர்களிடம் நடந்த ஆய்வில் திரைக் கருவி அழுத்தத்தின் தரத்தை உயர்த்தியது, பிழைத்தவர் எண்ணிக்கையை உயர்த்தவில்லை. இரண்டையும் நேருக்கு நேர் வைப்பது நியாயமில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் இதயம் நின்றால் பக்கத்திலேயே ஆள் இருப்பார். வெளியே அப்படி இல்லை.

என்னைக் கேட்டால், மருத்துவமனைக்கு முடுக்கமானிக் கருவி, கூடவே பலகை. அப்புறம் திரையைப் பார்த்து "இன்னும் ஆழமா" என்று சொல்ல ஒருவர். அழுத்துகிறவரே திரையையும் பார்ப்பது கஷ்டம். வீட்டிலோ தெருவிலோ மெட்ரோனோம் போதும், அதைத் தேடுவதில் நேரம் போகக் கூடாது. கருவிக்குச் செலவிட ஒரே இடம்தான் உண்டு என்றால் பயிற்சிப் பொம்மைக்கே கொடுப்பேன். அமெரிக்க இதயச் சங்கம் பெரியவர்களுக்கான சிபிஆர் வகுப்புகளில் 2019 முதல் இத்தகைய கருவியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அங்கே மெத்தையும் இல்லை, பதற்றமும் இல்லை, 5 செ.மீ. எவ்வளவு என்று கை நிதானமாகப் பழகிக்கொள்ளும்.