கறித்தூளை அனுப்புவதா, அங்கேயே வாங்கச் சொல்வதா?

போன மாதம் லண்டனிலிருந்து தங்கச்சி கோல் எடுத்தாள். "அக்கா, இங்க கடையில தூளுக்கும் கருவாட்டுக்கும் குடுக்கிற காசைப் பார்த்தா தலை சுத்துது. நீங்க அங்கயிருந்து அனுப்ப ஏலுமா?" என்று கேட்டாள். அதே கிழமை கட்டாரில் வேலை செய்யும் தம்பியும் சம்பல் கேட்டான். நான் இருப்பது மட்டக்களப்புக்குப் பக்கத்து ஆரையம்பதியில். பதினைந்து வருடமாக இப்படிப் பொதி கட்டி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். மட்டக்களப்பில் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு குறைவு. ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவர் இதே கணக்கைத்தான் போட்டுப் பார்க்கிறார். நான் போட்ட கணக்கை இங்கே எழுதுகிறேன்.

வழிகள் நான்கு இருக்கின்றன. அங்கேயுள்ள தமிழ்க் கடையில் வாங்குவது, இங்கிருந்து விமானப் பொதியாகவோ கப்பல் பொதியாகவோ அனுப்புவது, ஊருக்கு வந்து திரும்புகிறவரின் பெட்டியில் கொடுத்துவிடுவது, அங்கேயே செய்துகொள்வது.

முதலில் கடை. ஈஸ்ட் ஹாமில் தங்கச்சியின் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்திலேயே தமிழ்க் கடைகள் இருக்கின்றன. சிவப்பரிசி, இடியப்ப மா, உறைய வைத்த தேங்காய்ப்பூ, ரின்னில் அடைத்த மீன், வறுத்த கறித்தூள் எல்லாம் கிடைக்கும். கிடைப்பதில் குறை இல்லை, விலையில்தான். பிரித்தானியாவில் 2023 மார்ச்சில் உணவு விலை ஒரே வருடத்தில் 19 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. பிறகு ஏற்றத்தின் வேகம் குறைந்ததே தவிர, ஏறின விலை இறங்கவில்லை. அதே வருடம் ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் சனம் மூட்டை மூட்டையாக அரிசி வாங்கியது அப்போதுதான். அந்தத் தடை 2024 செப்டம்பரில்தான் நீங்கியது. அதற்கிடையில் 2023 இறுதியிலிருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டன. ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகிற கப்பல்கள் சூயஸ் கால்வாயை விட்டு ஆபிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கின. பத்து நாளுக்கு மேல் கூடுதல் ஓட்டம், அதற்கேற்ற எண்ணெய்ச் செலவு, கூலி. கொழும்பிலிருந்து போகிற ஒரு பக்கற் மாவின் மேலும் அந்தச் செலவு ஏறித்தான் உட்காரும்.

சரி, அப்படியென்றால் இங்கிருந்து அனுப்புவதுதானே மலிவு என்று தோன்றும். எனக்கும் பல வருடம் அப்படித்தான் தோன்றியது. ஒரு நாள் அனுப்பும் சாமான்களை மேசையில் பரப்பி, எது எங்கேயிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மைசூர்ப் பருப்பு பெரும்பாலும் கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் இறக்குமதியாகிறது. செத்தல் மிளகாயும் மல்லியும் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து. பால்மா நியூசிலாந்திலிருந்து. மாசிக் கருவாட்டில் நல்லது மாலைதீவிலிருந்து. ரொறொன்ரோவில் இருக்கிற மச்சாளுக்கு நான் இரண்டு தடவை பருப்பு அனுப்பியிருக்கிறேன். கனடாவில் விளைந்து, கப்பலேறி கொழும்புக்கு வந்து, லொறியில் மட்டக்களப்புக்கு வந்த பருப்பு அது. அதை விமானக் கூலி கட்டித் திரும்பக் கனடாவுக்கே அனுப்பியிருக்கிறேன். அவள் அதைப் பாசத்தோடுதான் வாங்கிக்கொண்டாள். ஆனால் அந்தக் காசுக்கு அவளுக்கு வேறு எத்தனையோ அனுப்பியிருக்கலாம்.

இறக்குமதியை நம்பிய பொருளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 2020 இல் இலங்கை மஞ்சள் இறக்குமதியைத் தடுத்தபோது, சில நூறு ரூபாவாக இருந்த ஒரு கிலோ மஞ்சள் பல ஆயிரத்துக்குப் போனது. அந்த நாட்களில் லண்டன் கடை மஞ்சள் எங்கள் சந்தை மஞ்சளைவிட மலிவு. 2022 செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம், கிட்டத்தட்ட எல்லாமே இரட்டிப்பு. 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தாண்டியது. ஊரில் மலிவு என்ற பழைய நினைப்பில் பொதி கட்டக்கூடாது. ஒவ்வொரு முறையும் விலை கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஆகவே அரிசி, பருப்பு, மா, தேங்காய்ப்பூ, ரின் மீன் ஆகியவற்றுக்கு என் பதில் ஒன்றுதான்: அங்கேயே வாங்குங்கள். விலை கூடித்தான் இருக்கும். இருந்தாலும் கூலி கட்டி அனுப்புவதைவிட அது குறைவு.

விமானப் பொதிக்கு வருவோம். இதில்தான் நான் அதிகம் காசு விட்டிருக்கிறேன். கூரியர் கம்பனிகள் நிறுவையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் அளந்து பெருக்கி 5000 ஆல் பிரிப்பார்கள். அந்த எண்ணும் தராசு காட்டுகிற கிலோவும், எது பெரிதோ அதற்குத்தான் கூலி. ஒரு சித்திரைப் புதுவருடத்துக்கு முறுக்கும் சோகிப் பலகாரமும் நிறைய அடுக்கி ஒரு பெட்டி கொண்டுபோனேன். 40, 30, 30 அளவுப் பெட்டி. பெருக்கினால் 36,000, 5000 ஆல் பிரித்தால் 7.2 கிலோ. தராசில் மூன்று கிலோ சொச்சம்தான். நான் ஏழு கிலோவுக்கு மேல் காசு கட்டினேன், அதில் பாதிக்கு மேல் முறுக்கின் ஓட்டைகளுக்குள் இருந்த காற்றுக்கு. போய்ச் சேர்ந்தபோது முறுக்கில் பாதி நொறுங்கியிருந்தது. தங்கச்சி நொறுங்கின தூளையும் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டதாகச் சொன்னாள். அதைக் கேட்டு அம்மா அழுதார்.

அதே பெட்டியில் மிளகாய்த்தூளை அமுக்கி வைத்திருந்தால் கட்டின காசுக்கு முழு நிறையும் போயிருக்கும். கனமான, சிறிய, விலை கூடிய பொருளுக்குத்தான் விமானப் பொதி சரி. தூள், கருவாடு, கூனி என்கிற காய்ந்த சின்ன இறால், இவை மூன்றும் அந்த வகை.

சுங்கக் கணக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரித்தானியாவுக்கு அன்பளிப்பாகப் போகும் பொதி 39 பவுணுக்கு உட்பட்டிருந்தால் இறக்குமதி வற் வரி வராது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு அந்த எல்லை 45 யூரோ, சுவிஸுக்கு 100 பிராங். உள்ளே இருப்பதை உள்ளபடி எழுதுங்கள். வெறுமனே 'சாப்பாடு' என்று எழுதினால் பொதி சுங்கத்தில் தங்கிவிடும். எத்தனை கிலோ கறித்தூள், எத்தனை கிலோ கருவாடு, என்ன விலை என்று பிரித்து எழுதுவது நல்லது. இறைச்சியும் பால் பொருளும் பிரித்தானியாவுக்கோ ஐரோப்பிய ஒன்றியத்துக்கோ நம் நாட்டிலிருந்து அனுப்பவே கூடாது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து சட்டியில் வருகிற எருமைத் தயிர்தான் தங்கச்சி அதிகம் நினைத்து ஏங்குவது. அதற்கு எந்த வழியும் இல்லை. ஊருக்கு வரும்போது சாப்பிட வேண்டியதுதான்.

கப்பலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே கூலி பெட்டியின் கன அளவுக்கு. அதனால் பாரமான சாமானுக்கு மிக மலிவு. பாத்திரம், அம்மி, புட்டுக்குழல் அனுப்ப அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் வீட்டுக்குப் போய்ச்சேர மாதக்கணக்காகும். ஆபிரிக்காவைச் சுற்றிப் போனால் இன்னும் இழுக்கும். எண்ணெயில் பொரித்த எதுவும் அதற்குள் சிக்கு மணம் பிடித்துவிடும், கருவாட்டில் ஈரம் ஏறும். சாப்பாட்டுக்குக் கப்பலை நான் விட்டுவிட்டேன்.

மூன்றாவது வழி ஆளிடம் கொடுத்துவிடுவது. காசுக் கணக்கில் இதை எதுவும் வெல்லாது. விமான நிறுவனம் கொடுத்த கிலோவில் மிச்சமிருப்பதைத்தான் கேட்கிறோம். பொதி ஒரே நாளில் போய்ச்சேரும், முறுக்குக்கூட முழுதாகப் போகும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு, அது காசில் வராது. ஊருக்கு வருகிறவருக்கு அவருடைய வீட்டுச் சாமானே பெட்டி நிறைய இருக்கும். அவரிடம் இரண்டு கிலோ கேட்கலாம். ஐந்து கிலோ கேட்டால் அடுத்தமுறை எங்கள் ஒழுங்கைக்கு வரவே யோசிப்பார். கொடுப்பதை அவருக்கு முன்னால் திறந்து காட்டி, அவர் கண் முன்னே கட்டுங்கள். ஒட்டிய பொதியை அப்படியே நீட்டுவது அவரை ஆபத்தில் மாட்டுவது. பெயர் எழுதாத தூள் பக்கற் ஒன்று விமான நிலையத்தில் எப்படித் தெரியும் என்று நினைத்துப் பாருங்கள். 'கறித்தூள்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டுங்கள். கைப்பையில் வைக்காமல் ஏற்றுகிற பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள்.

வளைகுடாவுக்குப் போகிறவரிடம் கொடுப்பதென்றால் இன்னும் கவனம். ஐக்கிய அரபு இராச்சியத்திலும் சவூதியிலும் கசகசா போதைப்பொருளாகக் கணக்கெடுக்கப்படுகிறது. பிரியாணித் தூளில் ஒரு பிடி கசகசா சேர்க்கிற வழக்கம் சில வீடுகளில் உண்டு. அந்தத் தூள் ஒரு பிள்ளையைச் சிறைக்கு அனுப்பக்கூடும். காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கிற எல்லா ஊர்த் தாய்மாருக்கும் இதைச் சொல்ல விரும்புகிறேன்.

கருவாடு பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். பயணி ஒருவர் தன் தேவைக்குப் பிரித்தானியாவுக்கோ ஐரோப்பிய ஒன்றியத்துக்கோ 20 கிலோ வரை மீன் பொருள் கொண்டுபோகலாம், காய்ந்ததும் அதில் அடங்கும். நெத்தலி, கீரிமீன், கூனி எதுவானாலும் ஒருநாள் கூடுதலாக வெயிலில் காயவைத்து, காற்றை உறிஞ்சி ஒட்டி, அதன் மேல் இன்னொரு பையிட்டால் மணம் வெளியே வராது.

நான்காவது வழி அங்கேயே செய்வது. இதை நான் நெடுநாள் நம்பவில்லை. எங்கள் வீட்டுத் தூள் என்றால் அம்மாவின் கை என்று நினைத்திருந்தேன். போன வருடம் அம்மாவுக்குச் சுகமில்லாமல் தூள் அனுப்ப முடியாமல் போனபோது, தங்கச்சியை வீடியோவில் வைத்துச் செய்ய வைத்தோம். செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் அவளுடைய கடையில் இருந்தது. முதல் தடவை வெந்தயம் கருகிப் போய் முழுதும் கசந்தது. மிளகாயை வறுத்தபோது புகை மணி அடித்து, மேல் மாடிக்காரர் இறங்கி வந்துவிட்டார். இரண்டாம் தடவை மிளகாயை வறுக்காமல் அடுப்புப் பெட்டிக்குள் குறைந்த சூட்டில் காயவைத்தாள், மற்றதைத் தனித்தனியே வறுத்தாள். அந்தத் தூளில் மீன் ஆணம், அதாவது மீன் குழம்பு, வைத்துவிட்டு கோல் எடுத்தாள். "அக்கா, முக்கால்வாசி வந்திட்டுது. மிச்சம் கால்வாசி என்னண்டுதான் விளங்கல்ல." எனக்கும் விளங்கவில்லை. மில்லில் அரைபடும் பதமாக இருக்கலாம், அரைத்ததும் பன்பாயில் பரப்பிச் சூடு ஆறவிடுவதாக இருக்கலாம். ஆனால் விலையில் அது கடைத் தூளைவிடக் குறைவு, நான் அனுப்புவதைவிட மிகக் குறைவு. அன்றாடச் சமையலுக்கு அதுவே போதும் என்பது இப்போது என் முடிவு. ஊர்த்தூள் வாரத்தில் ஒருநாள் கறிக்கு.

தம்பிக்கு இந்த முடிவு எதுவும் பொருந்தாது. அவன் இருப்பது கம்பனி அறையில், ஆறு பேரோடு. சமைக்க இடமில்லை, மெஸ் சாப்பாடு. அவனுக்குத் தூளை அனுப்பி என்ன பயன்? வேண்டியது சோற்றில் அப்படியே போட்டுப் பிசையக்கூடியது. தோஹாவில் இலங்கைக் கடையில் போத்தல் சம்பல் இருக்கிறது, ஆனால் அவன் சம்பளத்தில் ஒவ்வொரு ரியாலையும் எண்ணுகிறான். கட்டார் ரியால் ஒரு அமெரிக்க டொலருக்கு 3.64 என்று கட்டப்பட்டது. 2022 தொடக்கத்தில் ஒரு ரியால் 55 ரூபா அளவில் இருந்தது. ரூபா விழுந்த பிறகு சில மாதத்திலேயே நூறை நெருங்கியது. 2024 இறுதியில் 80 சொச்சம். அங்கே செலவழிக்கிற ஒரு ரியால் வீட்டுக்கு வராத 80 ரூபா என்றுதான் அவன் பார்க்கிறான். அவனுக்கு நான் ஒரே வழியைத்தான் வைத்திருக்கிறேன்: லீவில் வந்து போகிற கூட்டாளிமாரின் பெட்டி. முன்பு மாசிச் சம்பல் செய்து கொடுப்பேன். மாசி விலை ஏறியதிலிருந்து வாவிக் கூனியை வறுத்து, செத்தல் மிளகாயும் வெங்காயமும் சேர்த்து ஈரமே இல்லாமல் இடித்துக் கொடுக்கிறேன். ஒரு கிலோ அவனுக்கு ஒரு மாதம் போகும், அறையில் மற்றவர்களுக்குக் கொடுத்தால் பத்து நாள். கொடுக்காமல் அவன் சாப்பிட மாட்டான், அதனால் ஒன்றரைக் கிலோ கட்டுகிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் பக்கத்து வீட்டு மாமியின் மகன் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகிறார், அங்கிருந்து லண்டன். பெட்டியில் மூன்று கிலோவுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒன்றரைக் கிலோ தூள், முக்கால் கிலோ நெத்தலி, அரைக்கிலோ கூனி என்று எழுதி வைத்திருக்கிறேன். மிச்சமிருக்கிற கால் கிலோவுக்கு முறுக்கு வைக்கச் சொல்லி அம்மா காலையிலிருந்து இரண்டு தரம் கேட்டுவிட்டார். வைக்கத்தான் போகிறேன், ஐஸ்கிரீம் டப்பாவில் அடுக்கி, இடைவெளிக்குள் கூனிப் பக்கற்றைச் செருகி.