கொழுந்துக் கணக்குக்கு ஒரு பொட்: வாட்ஸ்அப், ஸ்லாக், டெலிகிராம்

ஹட்டன், தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுத்து முடிந்ததும் ஒவ்வொரு பிரிவின் கணக்கும் கைபேசிக் குழுவில் வந்து விழுகிறது. அலுவலகத்தில் ஒருவர் அதைத் தேடிப் பொறுக்கிக் கூட்டுகிறார். "கீழ்ப்பிரிவு 640" என்ற வரியைப் படித்து மொத்தத்தைச் சொல்ல ஒரு சிறிய பொட் (செய்திகளைத் தானாகப் படித்துப் பதிலளிக்கும் நிரல்) போதும்; செயற்கை நுண்ணறிவு எதுவும் தேவையில்லை. எந்தச் செயலியில் அதைக் கட்டுவது என்பதில்தான் வேலையே இருக்கிறது.

வாட்ஸ்அப்பின் பலம் கள உத்தியோகத்தர் முதல் தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் வரை எல்லோரும் ஏற்கெனவே அதில் இருப்பது. ஆனால் அதன் கிளவுட் ஏபிஐ (நிரல்கள் வாட்ஸ்அப்போடு பேசுவதற்கான அதிகாரபூர்வ வழி) வழியாகக் கட்டினால், செய்திகளைப் பெற எப்போதும் இணையத்தில் திறந்திருக்கும் ஒரு பாதுகாப்பான முகவரி வேண்டும். அதோடு, ஒருவர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள்தான் பொட் அவருக்குச் சுதந்திரமாக எழுதலாம். சனிக்கிழமை மாலை கணக்கு அனுப்பியவருக்குத் திங்கள் காலைப் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் கூடுகைக்கு) நினைவூட்ட வேண்டுமென்றால், முன்கூட்டியே அனுமதி பெற்ற வார்ப்புரு (மாதிரிச் செய்தி) வேண்டும். அதற்குக் கட்டணமும் உண்டு. இதைச் சுற்றிப் போக அதிகாரபூர்வமற்ற நிரல்தொகுப்புகள் கிடைக்கின்றன. தயவுசெய்து அவற்றைத் தொடாதீர்கள். அதற்காக வாட்ஸ்அப் எண்ணை முடக்கிவிட்டால் அலுவலகத்தின் எல்லாத் தொடர்பும் அதோடு போய்விடும்.

அலுவலகக் குழுக்களுக்கான அரட்டைச் செயலியான ஸ்லாக் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குப் பொருத்தமானது. 2021இல் வந்த சாக்கெட் மோடில் பொட்டே ஸ்லாக்குடன் இணைப்பை ஏற்படுத்திக்கொள்வதால் பொது முகவரி தேவையில்லை. போல்ட் என்ற நிரல்தொகுப்பு பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் கிடைக்கிறது. ஆனால் இலவசத் திட்டத்தில் 90 நாளுக்கு முந்தைய செய்திகளைப் பார்க்க முடியாது. மலையில் நடந்துகொண்டிருக்கும் உத்தியோகத்தரை இன்னொரு செயலி பழகச் சொல்வதும் நியாயமில்லை.

என் தேர்வு டெலிகிராம். அதுவும் புதிய செயலிதான்; ஆனால் இறக்கியதும் பேசத் தொடங்கிவிடலாம். பொட்களைப் பதிவுசெய்யும் டெலிகிராமின் சொந்தப் பொட்டான பொட்ஃபாதரிடம் கேட்டால் சில நிமிடங்களில் டோக்கன் (பொட்டுக்கான இரகசியச் சாவி) கிடைத்துவிடும், கட்டணமில்லை. முக்கியமாக, அலுவலகக் கணினியே வெளியே போய் "புதிதாக ஏதும் உண்டா" என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மழைக்காலத்தில் மின்சாரம் போய்ப் போய் வரும் ஊருக்கு இது பெரிய வரம்: எடுக்கப்படாத செய்திகளை டெலிகிராம் 24 மணி நேரம் வைத்திருக்கும், கணினி எழுந்ததும் அவை வரிசையாக வந்து சேரும். வாட்ஸ்அப்பும் தவறிய செய்தியை மீண்டும் மீண்டும் அனுப்பிப் பார்க்கும் என்பது உண்மை. ஆனால் அதை வாங்க அந்தத் திறந்த முகவரி இருந்தாக வேண்டும்.

கட்டத் தொடங்குமுன் மூன்று விஷயங்கள். குழுவில் சேர்த்த பொட் இயல்பாகக் கட்டளைகளையும் தனக்கு வந்த பதில்களையும் மட்டுமே பார்க்கும். "கீழ்ப்பிரிவு 640" அதன் கண்ணில் படாது. பொட்ஃபாதரில் இந்தத் தனியுரிமை முறையை நிறுத்திவிட்டு, பொட்டைக் குழுவிலிருந்து எடுத்து மீண்டும் சேர்த்துவிடுங்கள். கட்டளைப் பெயர்களில் ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், அடிக்கோடு தவிர வேறெதுவும் ஏற்காது. அதனால் "மேற்பிரிவு", "கீழ்ப்பிரிவு" என்று தமிழிலேயே பொத்தான்கள் வையுங்கள், அதற்குத் தடையில்லை. பொட்டுடனான உரையாடலுக்கு முனைக்கு முனை மறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடிய பாதுகாப்பு) கிடையாது. ஆகவே நிறை மட்டும் அதில் போகட்டும். தொழிலாளியின் பேர்க் கணக்கும் சேமலாப நிதி இலக்கமும் செக்ரோலிலேயே (வரவு, சம்பளப் பதிவேட்டிலேயே) இருக்கட்டும்.