காடு பிடித்த விளைக்கு ஃப்ளெயில் மோவர்: குமரி மாவட்டத்தில் எங்கே எடுபடும், எங்கே எடுபடாது

குமரி மாவட்டத்தில் ஒரு விளையை, அதாவது தோட்ட நிலத்தை, ஒரு வருஷம் திரும்பிப் பார்க்காமல் விட்டால் போதும், காடு பிடித்துவிடும். ஜூனில் தொடங்கும் தென்மேற்கு மழை ஓயும் முன்னே அக்டோபரில் வடகிழக்கு வந்து நிற்கும். கினியா புல் ஆள் உயரத்துக்கு எழும்பும். கம்யூனிஸ்ட் பச்சை, உண்ணிச்செடி, தொட்டாச்சிணுங்கி எல்லாம் பின்னிக்கொண்டு கால் வைக்க இடம் இருக்காது. இதற்கு வெட்டோத்தி (வெட்டுக்கத்தி) பிடிக்கும் ஆள், தோளில் மாட்டும் பிரஷ் கட்டர், மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் என்று மூன்று வழிகள்தான் பழக்கத்தில் உண்டு. நாலாவது வழி, மினி டிராக்டரின் பின்னால் மாட்டி, புல்லையும் புதரையும் அடித்துப் பொடியாக்கும் ஃப்ளெயில் மோவர். இங்கே பார்க்கப்போவது 4 அடி அகலச் சுத்தியல் வகை, 24 முதல் 28 குதிரைத்திறன் வரையுள்ள நான்கு சக்கர இழுவை மினி டிராக்டரோடு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சமதளத் தென்னந்தோப்புக்கு இதைவிட நல்ல கருவி இல்லை. சரிவில் படிப்படியாகத் தட்டு வெட்டிய ரப்பர் மலைக்கு இது வேண்டவே வேண்டாம். வாழைக்கு, முட்டுக் கட்டிய கயிறு பொறுக்கப் பொறுமை இருந்தால் மட்டும்.

அமைப்பு எளிது. கூண்டுக்குள் குறுக்கே ஒரு கனத்த இரும்புக் குழாய் கிடக்கும், அதுதான் ரோட்டர். அதில் பற்றவைத்த காதுகளில் சுத்தியல்கள் போல்ட்டில் தொங்கும். பி.டி.ஓ. (கருவிகளைச் சுழற்ற டிராக்டரின் பின்னால் இருக்கும் தண்டு) நிமிடத்துக்குத் தரும் 540 சுற்றை கியர் பாக்ஸும் பக்கவாட்டு பெல்ட்டும் சேர்ந்து ஏறக்குறைய 2,000 சுற்றாக்கும். சுத்தியல் நுனி சுற்றும் வட்டம் 40 செ.மீ. என்றால், நுனியின் வேகம் மணிக்கு 150 கிலோமீட்டர். சுத்தியலை விறைப்பாக நிறுத்தி வைப்பதே இந்த வேகம்தான். கல்லில் பட்டால் மடங்கி, திரும்பவும் நிமிர்ந்துகொள்ளும். டீசல் மிச்சம் பிடிக்க நினைத்து பி.டி.ஓ.வை 400 சுற்றில் ஓட்டுகிறவர்கள் உண்டு. சுற்று கால்வாசி குறைந்தால் அடிக்கும் வலு பாதியாகிவிடும். வலு, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அப்புறம் புல்லை வெட்டாது, மிதித்துச் சாய்த்துவிட்டுப் போகும். மெஷின் சரியில்லை என்று வரும் புகார்கள் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு. சில மினி டிராக்டர்களில் 540-க்கு மேல் 750, 1,000 என்று பி.டி.ஓ. வேகங்கள் இருக்கும். லிவர் தவறி அதில் விழுந்தால் ரோட்டர் அளவுக்கு மீறிச் சுற்றி பேரிங்கைத் தின்றுவிடும். மாட்டும் முன் லிவர் எதில் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளவும்.

சுத்தியலா, ஒய் பிளேடா என்று கடையில் கேட்பார்கள். ஒய் பிளேடு லேசானது. புல்லைச் சுத்தமாக, அழகாக வெட்டும். ஆனால் விரல் பருமனைத் தாண்டிய தண்டில் சீக்கிரம் மழுங்கும், வளையும். சுத்தியல் வெட்டுவதைவிட அடித்து நார்நாராக்கும். 3 செ.மீ. பருமன் வரை உண்ணிச்செடித் தண்டைப் பயமில்லாமல் கொடுக்கலாம். அதற்கு மேலே போனால் வெட்டோத்திதான். நம் ஊர்ச் சரல் மண்ணுக்கும் ஒளிந்து கிடக்கும் உடைகல்லுக்கும் சுத்தியலே சரி. புல் நுனி கொஞ்சம் கந்தலாக நிற்கும், அவ்வளவுதான். தோப்பில் யார் அதைப் பார்க்கப்போகிறார்கள்?

ரோட்டவேட்டரோடு ஒப்பிடாமல் இதைப் பேச முடியாது. களைக்கு ரோட்டவேட்டர் ஓட்டுவது இங்கே ஊறிப்போன வழக்கம். ஓட்டிய அன்று தோப்பு கண்ணாடிபோல இருக்கும். ஆனால் தென்னையின் ஊட்ட வேர்களில் பெரும்பகுதி மரத்தடியிலிருந்து 2 மீட்டர் தூரத்துக்குள்ளேயே இருப்பவை. அவற்றில் மேல்மண்ணுக்கு வரும் சன்ன வேர்களை வருஷம் இரண்டு தடவை அறுக்கிறோம். போதாததற்கு, சரிவான விளையில் இளகிய செம்மண்ணை அடுத்த மழை அள்ளிக்கொண்டு சானலில் (பாசனக் கால்வாயில்) சேர்த்துவிடும். ஃப்ளெயில் மோவர் மண்ணைத் தொடுவதில்லை. புல்லின் வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டே இருக்கும். மேலே பொடிந்த தழை மூடாக்காகக் கிடக்கும். மார்ச், ஏப்ரல் வெயிலில் இந்த மூடாக்கின் அருமை தெரியும். கோரையையோ அருகையோ இது அழிக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். கட்டுப்படுத்தும், அவ்வளவுதான். களையே இருக்கக் கூடாது என்று நினைப்பவருக்கு இது ஏமாற்றம் தரும்.

மாட்டுவதில் எல்லோரும் சறுக்கும் இடம், பி.டி.ஓ.வையும் மோவரின் கியர் பாக்ஸையும் இணைக்கும் ஜாயிண்ட் ஷாஃப்ட். கடையில் வரும் ஷாஃப்ட் எல்லா டிராக்டருக்கும் பொதுவான நீளம்; மினி டிராக்டருக்குப் பெரும்பாலும் நீளம் கூடுதலாக இருக்கும். வெட்டாமல் மாட்டினால் ஷாஃப்ட் டிராக்டரின் பின்பக்கத்துக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே முட்டி நிற்கும். பி.டி.ஓ. சீல் கசியும், கியர் பாக்ஸின் முன் பேரிங் போகும். லிஃப்டை மெதுவாக ஏற்றி இறக்கி, இரண்டு முனைகளும் மிக நெருங்கும் இடத்தைக் கண்டுபிடிக்கவும். அந்த இடத்தில் உள்குழாய் அடியில் முட்ட இன்னும் 2.5 செ.மீ. மிச்சம் இருக்க வேண்டும். மிக விலகும் இடத்தில் குழாய்கள் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். உள்குழாய், வெளிக்குழாய், பிளாஸ்டிக் உறை எல்லாவற்றிலும் ஒரே அளவு அறுத்து, பிசிறை அரம் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி மாட்டினால் வேலை முடிந்தது.

கியர் பாக்ஸிலோ ஷாஃப்டிலோ ஓவர்ரன் கிளட்ச் (ரோட்டரின் சுழற்சி டிராக்டருக்குத் திரும்பி வராமல் தடுப்பது) இருக்கிறதா என்று கேட்டே வாங்கவும். ஒற்றைக் கிளட்ச் டிராக்டரில் இது கட்டாயம். கிளட்சை மிதித்தாலும் சுற்றிக்கொண்டிருக்கும் ரோட்டரின் வேகம் பின்னாலிருந்து டிராக்டரை முன்னே தள்ளும். கையாலை (விளையின் எல்லை மதில்) ஓரத்தில் இப்படித் தள்ளினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று, இந்த மெஷின் 250 முதல் 300 கிலோ எடை வரும். மினி டிராக்டரின் முன்பக்கம் லேசாகிவிடும் என்பதால், ஏற்றமான வழியில் ஏறும் முன் முன் வெயிட் போட்டுக்கொள்ளவும்.

45 குதிரைத்திறன் டிராக்டர் வைத்திருப்பவர்கள் 5 அடி மெஷின் வாங்கி ஏமாறுவதுண்டு. அந்த டிராக்டரின் பின்டயர்கள் வெளிவிளிம்பு அளவில் 5 அடியைத் தாண்டும். டயர் மிதித்த புல் வெட்டுப்படாமல் படுத்து, நாலு நாளில் எழுந்து இரண்டு கோடாக நிற்கும். அதற்கு 6 அடி வேண்டும், அல்லது ஒரு பக்கம் தள்ளி மாட்டும் வசதியுள்ள மெஷின் வேண்டும். அந்த வசதி இருந்தால் மரத்தடியை ஒட்டி வெட்டலாம். டயர் எட்டத்திலேயே போகும். சானல்கரை, குளத்தங்கரைச் சரிவுகளுக்குக் கையை நீட்டி வெட்டும் வகை தனி. அது மினி டிராக்டரில் தாங்காது.

வேலைக்கு முன் ஒரு நடை நடந்துதான் ஆக வேண்டும். தோப்பில் புல்லுக்குள் கிடக்கும் தேங்காய், கொதும்பு (பாளை உறை), மட்டை, பழைய சொட்டுநீர்க் குழாய், ஆடு கட்டிய நைலான் கயிறு, கையாலையிலிருந்து உருண்ட கல், ஒடிந்த வேலிக் கம்பி எல்லாவற்றையும் பொறுக்கவும். ஓலையின் இலைப்பகுதியை மெஷின் தூளாக்கிவிடும். மட்டையின் அடிப்பகுதி மட்டும் முன் மறைப்பில் குறுக்கே மாட்டிக்கொள்ளும். கடந்தைக் (பெரிய குளவி) கூடு இருக்கிறதா என்றும் பார்க்கவும். டிராக்டரிலிருந்து இறங்கி ஓட நேரம் கிடைக்காது.

காடு பிடித்த இடத்தை ஒரே போக்கில் தரையோடு வழிக்க நினைக்க வேண்டாம். முதல் போக்கில் பின் ரோலரை இறக்கி வைத்து, 15 செ.மீ. உயரத்தில், மணிக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல், அதாவது மிகக் குறைந்த கியரில் போகவும். கல்லும் கட்டையும் அப்போது கண்ணில் படும். இரண்டாம் போக்கு எதிர்த்திசையில், 6 அல்லது 7 செ.மீ. உயரத்தில். அதற்குக் கீழே இறக்கினால் சுத்தியல் சரலில் உரசும். அப்புறம் ஒரு நாளில் முனை உருண்டையாகிவிடும், புழுதியும் பறக்கும். சரிவில் மேலும் கீழுமாக ஓட்டவும், குறுக்கே வேண்டாம்.

நேரக் கணக்கு இப்படி. 4 அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது போக 1.1 மீட்டர் அகலம் கிடைக்கும். பராமரிப்பில் உள்ள தோப்பில் மணிக்கு 2.5 கிலோமீட்டர் வேகம், திருப்பங்களுக்கு 30 சதவீதம் கழித்தால், ஏக்கருக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம் ஆகும். தென்னை 25 அடிக்கு 25 அடி நட்டிருந்தால் திருப்பமும் சுலபம். காடு பிடித்த இடத்தில் முதல் போக்குக்கே 5 மணி நேரம் போய்விடும். ஒரு மணி நேரத்தில் ஒரு ஏக்கர் என்று விளம்பரத்தில் வருவது வெறும் புல்வெளிக்கான கணக்கு. 25 சென்ட், 30 சென்ட் என்று துண்டுதுண்டாகக் கிடக்கும் விளைகளில் திரும்புவதிலேயே நேரம் கரையும்.

மரத்தடி ஒரு மீட்டர் வட்டம் எப்படியும் மிஞ்சும். அதற்குப் பிரஷ் கட்டர் வேண்டும், அதை விற்றுவிட வேண்டாம்.

கோளாறுகளில் முதலாவது அதிர்வு. ஒரு சுத்தியல் தெறித்துப் போனால் ரோட்டர் சமநிலை இழக்கும். சீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே தெரியும். அடுத்த வரிசையையும் முடித்துவிடலாம் என்று ஓட்டினால் ரோட்டர் பேரிங் அன்றைக்கே போய்விடும். உடனே நிறுத்தவும். புதுச் சுத்தியல் போடும்போது அதற்கு நேரெதிரே இருப்பதையும் சேர்த்தே மாற்றவும். பழையதும் புதியதும் எடையில் ஒத்துவராது; பலசரக்குக் கடைத் தராசே போதும், நிறுத்துப் பார்க்கலாம். போல்ட்டும் நைலான் நட்டும் ஒவ்வொரு தடவையும் புதிதாகவே இருக்கட்டும்.

இரண்டாவது பெல்ட். புது பெல்ட் முதல் இரண்டு மணி நேரத்திலேயே இழுபடும். கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் ஒரு செ.மீ. அளவுக்கு இறங்க வேண்டும். அதற்கு மேல் இறங்கினால் முறுக்க வேண்டும். ரப்பர் கருகும் வாசனை வந்த பிறகு பார்ப்பதில் பயனில்லை. ஒன்று அறுந்தாலும் எல்லாவற்றையும் ஒரே செட்டாக மாற்றவும்.

மூன்றாவது சுற்றிக்கொள்வது. நைலான் கயிறு ரோட்டர் முனையில் சுற்றி, சூட்டில் உருகி, பேரிங் சீலுக்குள் நுழையும். வெளியே ஒன்றும் தெரியாது. நாள் முடிவில் இரண்டு முனைகளையும், பின் ரோலரின் முனைகளையும் குனிந்து பார்த்து அறுத்தெடுக்கவும். ரப்பர் தோட்டத்தில் மூடுபயிராகப் போட்ட புரேரியா, மியூகுனா கொடிகளும் இதே வேலையைச் செய்யும். கொடி மண்டிய இடத்தில் வேகத்தைப் பாதியாக்கிக்கொள்ளவும்.

மழை ஈரத்தில் வெட்டினால் கூண்டுக்குள் பசைபோல ஒட்டி ரோட்டர் திணறும், ரோலரில் மண் அப்பும். மழை விட்டு இரண்டு நாளாவது காயட்டும். கினியா புல் பூத்திருக்கும்போது வேறு தொல்லை: பூவும் தூசியும் ரேடியேட்டர் வலையை அடைத்து எஞ்சின் சூடேறும். அரை மணிக்கு ஒரு தடவை வலையைத் துடைக்கவும்.

கம்யூனிஸ்ட் பச்சை விதை சிதறும் முன், பூக்கும் தறுவாயிலேயே வெட்ட வேண்டும். தூரிலிருந்து திரும்பத் தழைக்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் இரண்டாம் வெட்டு கொடுத்தால்தான் அடங்கும். ஒரே வெட்டோடு விட்டால் முன்னைவிட அடர்ந்து வரும்.

ரப்பருக்கு வருவோம். குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைப் பக்கம் சரிவில் தட்டு வெட்டி நட்ட தோட்டங்களில் தட்டின் அகலமே ஒன்றேகால் முதல் ஒன்றரை மீட்டர்தான். அதில் டிராக்டர் ஏற்றுவது தற்கொலை. சமதளத் தோட்டத்தில் வரிசைக்கு 6.7 மீட்டர் இடைவெளி இருந்தால் தாராளமாகப் போகலாம். அங்கேயும் விழுந்து கிடக்கும் கப்புக் கம்பியை (பால் கிண்ணத்தை மரத்தில் தாங்கும் கம்பி) பொறுக்காமல் இறங்கக் கூடாது. கூண்டின் விளிம்பு பட்டையில் உரசினால் பால்வெட்டும் இடமே கெட்டுவிடும். மரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளியே ஓட்டவும்.

வாழையில், குலை வெட்டிய பிறகு நிற்கும் தண்டைச் சாய்த்து அதன்மேல் இந்த மெஷினை ஓட்டினால் நன்றாகவே பொடியும். நேந்திரனுக்கு முட்டுக் கொடுத்துக் கட்டிய கயிறு ஒன்றுவிடாமல் வந்துவிட்டதா என்பதுதான் கேள்வி.

பராமரிப்பு சுருக்கம்தான். ரோட்டர் பேரிங், ரோலர் பேரிங், ஷாஃப்ட் மூட்டிலுள்ள கிராஸ் ஆகியவற்றுக்கு 8 மணி நேரத்துக்கு ஒரு தடவை கிரீஸ். கியர் பாக்ஸில் 90-ஆம் நம்பர் கியர் ஆயில். புதிதில் 50 மணி நேரத்தில் ஒரு தடவை மாற்றவும். பி.டி.ஓ.வை நிறுத்திய பின்னும் ரோட்டர் வெகுநேரம் சுற்றும். முழுவதும் நின்று, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்த பிறகே கிட்டே போகவும். அடியில் கை விடுவதானால் லிஃப்டை நம்ப வேண்டாம். கூண்டுக்குக் கீழே தென்னந்தடி முட்டுக் கொடுக்கவும். முன் மறைப்புச் சங்கிலியோ ரப்பரோ அறுந்திருந்தால் அன்றைக்கு ஓட்டக் கூடாது. கல் 50 மீட்டருக்கு மேலும் பறக்கும். வீடுகள் விளையோடு ஒட்டியிருக்கும் நம் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

வாங்குவதா? 2, 3 ஏக்கர் மட்டும் இருப்பவர் வாங்கினால் வருஷத்தில் 20 மணி நேரம்கூட ஓடாது. நாலைந்து பேர் சேர்ந்தோ, வாடகைக்கு விடும் எண்ணத்தோடோ வாங்கலாம். வேளாண் பொறியியல் துறையின் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் மானியம் கேட்பதானால் முதலில் விண்ணப்பம், அனுமதி வந்த பிறகுதான் கொள்முதல்; வாங்கிவிட்டுப் பில்லோடு போய் நின்றால் கிடைக்காது. வாடகைக்கு எடுப்பவர்கள் உழவன் செயலியில் கருவிப் பட்டியலைப் பார்க்கலாம். தனியார் மெஷின் என்றால் மணிக்கணக்கா, சென்ட் கணக்கா என்று முதலிலேயே பேசிக்கொள்ளவும். காடு பிடித்த இடத்துக்குச் சென்ட் கணக்குதான் விளைக்காரருக்கு லாபம். ஓட்டுநர் ஒத்துக்கொள்வாரா என்பது வேறு விஷயம்.

பெல்ட், பேரிங், கிராஸ் மூன்றும் நம்பரைச் சொன்னால் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கடையில் எடுத்துவிடலாம். சுத்தியலுக்கு அது நடக்காது. துளையின் அளவும் எடையும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால், மெஷின் வாங்கும் அன்றே அரை செட் சுத்தியலும் போல்ட்டும் கூட வாங்கி வைத்துவிடவும்.