அம்மாவின் காது மெஷினுக்கு வாங்கிய உலர்த்தும் பெட்டி: சிங்கப்பூரில் இது கட்டாயம் தேவை

நேரே விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் யாராவது காது மெஷின் போட்டிருந்தால் மின்சாரத்தில் ஓடும் உலர்த்தும் பெட்டி ஒன்று வாங்கிவிடுங்கள். நான் இணையத்தில் வாங்கியது நூறு வெள்ளிக்குள் முடிந்தது, பெரிய பிராண்டு எதுவும் இல்லை. அம்மாவுடையது காதுக்குப் பின்னால் மாட்டும் வகை, ஆரஞ்சு ஒட்டு வைத்த 13ஆம் நம்பர் பேட்டரி.

மழையில் நனையாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இங்கே காற்றின் ஈரப்பதமே ஆண்டுச் சராசரியில் 80 சதவீதத்துக்கு மேல், விடிவதற்குச் சற்று முன் 90ஐயும் தாண்டிவிடும். டிசம்பர், ஜனவரி வடகிழக்குப் பருவமழையில் துணியே காயாது. அதைவிட மோசம் ஏர்கோன். எம்ஆர்டியிலோ கடைத்தொகுதியிலோ நன்றாகக் குளிர்ந்துவிட்டு வெளியே வந்தால் மூக்குக்கண்ணாடி மங்குகிறதே, அதே ஈரம்தான் மெஷினிலிருந்து காதுக்குப் போகும் குழாய்க்குள்ளும் மைக் துளையிலும் படிகிறது. அம்மாவுக்குச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது, சில நாள் கரகரவென்று இரைந்தது, பேட்டரியை மாற்றினாலும் சரியாகவில்லை.

மெஷின் விற்ற இடத்தில் 'ஐபி68 தரம், தண்ணீர் போகாது' என்று சொன்னார்கள், உலர்த்துவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதில் எனக்கு உண்மையாகவே கோபம். அந்தத் தரம் புதுக் கருவியைச் சுத்தமான தண்ணீரில் வைத்துச் சோதிப்பது. தைப்பூசத்தில் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை பால்குடத்தோடு நடக்கும்போது வழியும் உப்பு வியர்வை வேறு, நாள் முழுக்கச் சுற்றியிருக்கும் ஈரக் காற்று வேறு. அதோடு இந்தப் பேட்டரி துத்தநாக-காற்று வகை, காற்று போனால்தான் வேலை செய்யும், காற்று போகிற வழியில் ஈரமும் போகும்.

சரி, பெட்டி எப்படி? இரவில் மெஷினைக் காய்ந்த துணியால் துடைத்து, பேட்டரியை வெளியே எடுத்து, பேட்டரிக் கதவைத் திறந்தபடி உள்ளே வைத்தால், இளஞ்சூடான காற்று சில மணி நேரம் ஓடித் தானாக நின்றுவிடும். காலையில் மெஷின் தெளிவாகக் கேட்கிறது என்று அம்மாவே சொன்னார்கள், கரகரப்பும் போய்விட்டது.

குறைகளும் உண்டு. பேட்டரியை உள்ளே வைக்கக்கூடாது என்று குறிப்பேட்டில் எங்கும் இல்லை. வைத்தால் அந்தப் பேட்டரியும் சேர்ந்து காய்ந்து சீக்கிரம் தீர்ந்துபோகும். மூடி மெல்லிசு. புற ஊதா விளக்கு என்று பெரிதாக விளம்பரம் செய்கிறார்கள், அதற்கும் ஈரத்துக்கும் சம்பந்தமில்லை, ஒளி படும் இடத்துக் கிருமிக்கு மட்டும்தான், அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். சார்ஜ் செய்யும் வகை மெஷின் என்றால் சூடு ஒத்துக்கொள்ளுமா என்று ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணர்) கேட்டுவிட்டு வாங்குங்கள்.

முன்பு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் போட்ட டப்பா வைத்திருந்தோம். கெடுதல் இல்லை, ஊருக்குப் போகும்போது இப்போதும் அதுதான் பையில். ஆனால் இந்த ஊர்க் காற்றில் திறந்து மூடும்போதெல்லாம் அது ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். மணிகள் நிறம் மாறியதைக் கவனிக்காமல் விட்டால் அப்புறம் அது வெறும் டப்பாதான். கேமரா வைத்திருக்கும் நண்பர்கள் பூஞ்சை பிடிக்காமலிருக்க வீட்டில் உலர் அலமாரியே வைத்திருக்கிறார்கள். காதுக்குள் போடுவதற்கு அந்தக் கவனிப்பில் பாதியாவது வேண்டாமா?

பெட்டியால் முடியாததும் இருக்கிறது. குழாய்க்குள் துளியாகவே தண்ணீர் நின்றால் இயர்மோல்டை, அதாவது காதுக்குள் பொருந்தும் அச்சை, கழற்றி ரப்பர் பல்பால் ஊதித் தள்ளுங்கள். வாயால் ஊதினால் மூச்சின் ஈரமும் உள்ளே போகும். பேட்டரி உட்காரும் இடத்தில் பச்சைக் கறை தெரிந்தால் ஆடியாலஜிஸ்டிடம்தான் காட்ட வேண்டும். ஹேர் டிரையர், மைக்ரோவேவ் பக்கமே போகாதீர்கள், அரிசிக்குள் புதைப்பதும் வேண்டாம், தூள்தான் உள்ளே போகும்.

வாங்கும்போது உட்புற அளவைப் பாருங்கள். இரண்டு மெஷினும் இயர்மோல்டோடு ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் உட்கார வேண்டும், சில பெட்டிகள் அதற்குப் போதாது.